வீட்டுக்கு ஒரு பத்தாயம்

தஞ்சை ஜில்லாவில் பிறந்தவர்களுக்குப் பத்தாயம் என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கனத்த பலகைகளை அடுக்கி அடித்து, மேலே நெல் கொட்ட ஒரு வாயும், கீழே நெல் எடுக்க ஒரு சிறு கதவும் வைத்த பெரிய பெட்டி அது. அறுவடை முடிந்ததும் மேலே கொட்டுவார்கள். வேண்டியபோது கீழே திறந்து மரக்காலால் அளந்துகொள்வார்கள். பெண் கொடுக்க வருகிறவர்கள் மாப்பிள்ளையைப் பார்ப்பதற்கு முன் பத்தாயத்தைப் பார்ப்பார்கள் என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

இன்று நம்மில் பலருக்கு வயல் இல்லை. ஆனாலும் அறுவடை நின்றபாடில்லை. குழந்தை முதல் அடி எடுத்து வைத்த படம், பாட்டியின் எண்பதாம் பிறந்த நாள், மகளின் கச்சேரி, வீட்டுப் பத்திரத்தின் நகல், டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு என்று கைபேசியில் நாள்தோறும் மூட்டை மூட்டையாக வந்து விழுகிறது. இவ்வளவையும் எங்கே கொட்டி வைக்கிறோம்? முன்பின் அறியாத ஏதோ ஒரு கம்பெனியின் கிடங்கில். அதற்கு 'மேகம்' என்று அழகான பெயர் வேறு. மேகத்தில் ஏற்றிய பொருள் மழையாகத் திரும்பி வரும் என்ற நம்பிக்கை போலும்!

அந்தக் கிடங்குகளை நான் குறை சொல்லவில்லை. அவற்றைக் கட்டிக் காப்பவர்கள் கெட்டிக்காரர்கள். அங்கே பொருள் கெட்டுப் போவது அபூர்வம். ஆனால் அது வாடகைக் கிடங்கு. மாதம் தோறும் குத்தகை கொடுக்க வேண்டும். குத்தகையை உயர்த்துவது அவர்கள் இஷ்டம். பாஸ்வேர்டு மறந்து போன கிழவர் ஒருவர் தம் பேத்தியின் படத்தைப் பார்க்க ஆசைப்பட்டால், 'நீர் நீர்தானா?' என்று நிரூபிக்கச் சொல்லி அவரை ஒரு யந்திரம் கேள்வி கேட்கும். அந்த யந்திரத்திடம் தாசில்தாரிடம் மனுக் கொடுப்பது போலக்கூட மனுக் கொடுக்க முடியாது.

எனக்கு இதில் அக்கறை வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. என் தகப்பனார் பள்ளிக்கூட வாத்தியார். அவர் காலமாவதற்கு முந்தின ஆண்டு, என் தமக்கை அவரை உட்கார்த்தி வைத்து, அவருடைய கிராமத்தையும் அவருடைய தகப்பனாரையும் பற்றிப் பேச வைத்துத் தன் கைபேசியில் பதிவு செய்திருந்தாள். மொத்தம் நாற்பது நிமிஷம். அவர் போன மறு வருஷம் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தபோது, கொள்ளிடப் பாலத்தின் மேல், அவள் கையிலிருந்து அந்தக் கைபேசி நழுவி விழுந்துவிட்டது. புதுக் கைபேசி இரண்டே நாளில் வந்து சேர்ந்தது. பழைய எண்ணும் திரும்பி வந்தது. குரல் வரவில்லை.

அந்தச் சமயம் ஊருக்கு வந்திருந்த அவள் மகன், என்ஜினீயரிங் படிக்கிறவன், என்னிடம் சொன்னான்:

"மாமா, டிஸ்க் விலையைத் தள்ளிவிட்டால் ஆறாயிரம் ரூபாய்தான். வீட்டிலேயே ஒரு சர்வர் வைத்துவிடலாம்."

சர்வர் என்றதும், தோளில் துண்டும் கையில் தட்டுமாக, 'சூடா என்ன இருக்கு?' என்ற கேள்விக்குப் பதினெட்டுப் பலகாரங்களை ஒரே மூச்சில் ஒப்பிக்கும் ஓட்டல் நண்பர்தான் என் மனக்கண் முன் வந்தார். சொன்னால் பையன் சிரித்துவிட்டு, "அதேதான் மாமா. பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை" என்றான்.

யோசித்துப் பார்த்ததில் அவன் சொன்னது சரி என்றே தெரிந்தது. சமையலறையில் பொருள் இருக்கிறது. மேஜைகளில் பலர் உட்கார்ந்திருக்கிறார்கள். யார் எதைக் கேட்டாலும் போய் எடுத்து வந்து வைப்பவர் சர்வர். அவர் உட்காருவதில்லை, கடை திறந்திருக்கும் வரை நின்றுகொண்டே இருக்கிறார். வீட்டுச் சர்வரும் அப்படித்தான். ஹார்ட் டிஸ்க் என்ற சமையலறைக்கு முன்னால் ஒரு சிறு கம்ப்யூட்டர் இரவும் பகலும் நின்றுகொண்டிருக்கும். கூடத்தில் இருக்கும் கைபேசி ஒரு படத்தைக் கேட்டால் எடுத்துக் கொடுக்கும். மாடியில் இருக்கும் லாப்டாப் ஒரு கடிதத்தைக் கொடுத்தால் வாங்கி உள்ளே வைக்கும். இனாம் கேட்பதில்லை.

அந்தச் சிறு கம்ப்யூட்டருக்கு ராஸ்பெரி பை என்று பெயர். தின்கிற பண்டத்தின் பெயர். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் நகரத்தில் எபன் அப்டன் என்பவரும் அவருடைய நண்பர்களும் ஒரு கவலையில் ஆரம்பித்த காரியம் அது. கம்ப்யூட்டர் விஞ்ஞானம் படிக்க வரும் பிள்ளைகளின் தொகை குறைந்துகொண்டே வருகிறது, வருகிறவர்களுக்கும் கம்ப்யூட்டரைக் கழற்றி மாட்டிப் பார்த்த பழக்கம் இல்லை என்பது அந்தக் கவலை. பிள்ளைகள் பயமில்லாமல் தொட்டுப் பழக மலிவான ஒரு பலகை வேண்டும் என்று எண்ணி 2009-ல் ஓர் அறக்கட்டளை வைத்தார்கள். 2012 பிப்ரவரி 29-ஆம் தேதி பலகை விற்பனைக்கு வந்தது. விலை 35 டாலர். முதலில் செய்து வைத்தவை 10,000 பலகைகள். பிள்ளைகளுக்கென்று செய்ததைப் பெரியவர்களும் பாய்ந்து வாங்கினார்கள். 2024-க்குள் 6 கோடிக்கு மேல் விற்றுவிட்டன. மாட்டுக் கொட்டகைக் காவல் முதல் தொழிற்சாலை வேலை வரை இன்று அதைப் பூட்டாத இடம் இல்லை.

பலகையின் நீளம் 85 மில்லிமீட்டர், அகலம் 56. நம்முடைய ரேஷன் கார்டு அளவுதான். எடை ஐம்பது கிராம்கூட இல்லை. கம்ப்யூட்டர் என்றால் ஓர் அறை அடைத்த யந்திரம் என்று இருந்த காலம் ஒன்று உண்டு. 1956-ல் ஐ.பி.எம். கம்பெனி முதன் முதலில் வெளியிட்ட ஹார்ட் டிஸ்க் யந்திரத்தில் 24 அங்குல விட்டமுள்ள தட்டுகள் 50 இருந்தன. எடை ஏறக்குறைய ஒரு டன். அதில் அடங்கியது 50 லட்சம் எழுத்துக்கள். நான் வாங்கிய டிஸ்க் சட்டைப் பைக்குள் போகிறது. எழுத்துக்கு ஒரு பைட் என்று வைத்துக்கொண்டால், அந்தப் பழைய யந்திரங்கள் நான்கு லட்சம் சேர்ந்து செய்ய வேண்டிய வேலையை இது ஒன்றே செய்கிறது.

நானும் மருமானும் சென்னை ரிச்சி தெருவுக்குப் போனோம். அந்தத் தெருவுக்குப் போகாதவர்கள் ஒரு முறை போய்ப் பார்க்க வேண்டும். மோர்மிளகாய் விற்கிற மாதிரி மெமரி கார்டுகளைக் குவித்து வைத்து விற்கிறார்கள். ராஸ்பெரி பை நான்காவது தலைமுறைப் பலகை ஒன்று, 2 ஜி.பி. நினைவாற்றல் உள்ளது, ரூ. 4,000-க்குச் சற்று மேல். அதற்கே உரிய அடாப்டர், 32 ஜி.பி. மெமரி கார்டு, ஓர் ஈதர்நெட் கேபிள், ஓர் உறை. பையன் சொன்ன ஆறாயிரத்துக்குள் அடங்கிவிட்டது. கூட 2 டி.பி. டிஸ்குகள் வாங்கினோம். அவைதாம் பெரிய செலவு. தயாராக விற்கும் பெட்டிகளும் கடையில் இருந்தன. டிஸ்க் இல்லாமலே அவற்றின் விலை எங்கள் பலகை விலையைப் போல மூன்று நான்கு மடங்கு.

"பழைய நான்காவது எதற்கு? 2023-ல் ஐந்தாவது வந்துவிட்டதே" என்று கடைக்காரர் கேட்டார். மருமான் பதில் சொன்னான். 2019-க்கு முன் வந்த பலகைகளில் டிஸ்க் பேசுவதும் நெட்வொர்க் பேசுவதும் ஒரே சந்து வழியாகப் போக வேண்டியிருந்தது. எதிரும் புதிருமாக வண்டி வந்தால் நெரிசல்தான். நான்காவதில் இரண்டுக்கும் தனித்தனிப் பாதை போட்டுவிட்டார்கள். நல்ல கேபிளில் விநாடிக்கு 100 எம்.பி. அளவுக்குப் பொருள் போய் வருகிறது. 2 ஜி.பி. கல்யாணப் படம் ஒன்றை நகல் எடுக்க இருபது விநாடி. வீட்டுக்கு இது போதும். ஐந்தாவது பலகைக்கு வேகம் அதிகம், பசியும் அதிகம்.

பசி என்றதும் மின்சாரக் கணக்கைச் சொல்ல வேண்டும். என் மனைவி கேட்ட முதல் கேள்வியே அதுதான். பலகையும் டிஸ்கும் சேர்ந்து 6 வாட் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். இரவு பகலாக ஓடினால் வருஷத்துக்கு ஏறக்குறைய 52 யூனிட். வீட்டில் மூலையில் கிடந்த பழைய கம்ப்யூட்டரை இதே வேலைக்கு வைத்தால், அது 60 வாட் என்றாலும், 525 யூனிட் ஆகும். இதைக் கேட்ட பிறகுதான் அவள் பூஜை அலமாரிக்குப் பக்கத்தில் ரவுட்டர் இருக்கும் இடத்தை ஒழித்துக் கொடுத்தாள்.

பூட்டுகிற வேலை ஒரு மாலைப் பொழுதில் முடிந்தது. மெமரி கார்டில் லினக்ஸ் என்ற இலவச மென்பொருளை ஏற்றிப் பலகையில் சொருக வேண்டும். டிஸ்கை நீல நிற யு.எஸ்.பி. வாயில் மாட்ட வேண்டும்; ரவுட்டருக்கு ஒரு கேபிள். பிறகு சாம்பா என்ற மென்பொருளை ஏற்ற வேண்டும். வீட்டிலுள்ள விண்டோஸ் கம்ப்யூட்டரும், ஆப்பிள் கம்ப்யூட்டரும், கைபேசியும் இந்தப் பலகையோடு ஒரே பாஷையில் பேசிக்கொள்வதற்கு அதுவே துபாஷி.

இந்தச் சாம்பாவின் கதை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஆஸ்திரேலியாவில் கான்பெரா நகரத்திலுள்ள ஆஸ்திரேலிய தேசிய சர்வகலாசாலையில் படித்துக்கொண்டிருந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல் என்ற மாணவர் 1992-ல் எழுதினார். யந்திரங்கள் பேசிக்கொள்ளும் அந்தப் பாஷைக்கு எஸ்.எம்.பி. என்று பெயர். தம் மென்பொருளுக்கு முதலில் வைத்த பெயரை வேறொரு கம்பெனி தனக்குரியது என்று சொல்லிவிட்டதால், அவர் அகராதியை எடுத்து, எஸ், எம், பி மூன்று எழுத்தும் இந்த வரிசையில் வருகிற சொல் எது என்று தேடினார். கிடைத்தது பிரேஸில் நாட்டு நடனத்தின் பெயர்! அன்று முதல் எத்தனையோ பேர் கூலியில்லாமல் அதைத் திருத்தி வளர்த்துக்கொண்டு வருகிறார்கள். மூன்றாண்டு பாடுபட்டு நாவல் எழுதி, ராயல்டிக்குப் பதிப்பாளரிடம் நடையாய் நடக்கும் என் போன்றவர்கள் இதை நினைத்துக் கொஞ்சம் வெட்கப்படலாம்.

இடம் எவ்வளவு பிடிக்கிறது என்பதும் ஒரு பாடம். தமிழ் எழுத்துக்கு இடம் அதிகம். 'க' என்ற ஓர் எழுத்தைக் குறிக்க மூன்று பைட் வேண்டும். அப்படியிருந்தும் நான் இதுவரை எழுதிய நாவல்கள் அத்தனையும், கல்யாணப் புகைப்படக்காரர் எடுத்த இரண்டு மூன்று படங்களின் இடத்தில் அடங்கிவிட்டன. "முப்பது வருஷம் ராத்திரியெல்லாம் விளக்கெரித்தது இவ்வளவுதானா?" என்று என் மனைவி எட்டிப் பார்த்துக் கேட்டாள்.

செய்து பார்க்க விரும்பும் நேயர்களுக்குச் சில எச்சரிக்கைகள். அடாப்டரில் சிக்கனம் பிடிக்க வேண்டாம். இந்தப் பலகைக்கு 5 வோல்ட், 3 ஆம்பியர் வேண்டும். கைக்குக் கிடைத்த கைபேசிச் சார்ஜரை மாட்டினால், டிஸ்க் சுழல ஆரம்பிக்கும் சமயம் பார்த்து மூச்சு முட்டும். பலகையே டிஸ்குக்கும் சோறு போடுவதால் ஒரு சமயத்தில் ஒரு டிஸ்குக்கு மேல் மாட்டாமல் இருப்பது நல்லது. டிஸ்கில் எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போவது ஆகாது. ஆகவே இன்வர்ட்டர் இணைப்பில் கொடுக்க வேண்டும். மெமரி கார்டு ஓயாமல் எழுதி அழித்தால் தேய்ந்து போகும் பொருள். அதில் பலகையின் மென்பொருளைத் தவிர வேறெதையும் வைக்கக்கூடாது. அது செத்தாலும் வேறு கார்டு போட்டுக்கொள்ளலாம். பொருள் டிஸ்கில் பத்திரமாக இருக்கும்.

இன்னொன்று. வெளியூரிலிருந்தும் பார்க்க வேண்டுமே என்று ரவுட்டரில் வழி திறந்துவிடுகிறார்கள் சிலர். 2017 மே மாதத்தில் வானாக்ரை என்ற தீயநிரல் 150 நாடுகளில் புகுந்து, கோப்புக்களைப் பூட்டி வைத்துக்கொண்டு பணம் கேட்டது. அது நுழைந்தது எஸ்.எம்.பி.யின் பழைய முறையில் இருந்த ஓட்டை வழியாகத்தான். பத்தாயத்துக்குத் தெருப்பக்கம் கதவு வைத்தவர் தஞ்சை ஜில்லாவில் ஒருவரும் இல்லை. நானும் வைக்கவில்லை.

எல்லாம் பூட்டியான பிறகு வீட்டிலிருந்தவற்றைத் தேடித் தேடி உள்ளே சேர்க்க ஆரம்பித்தோம். தம்பி வீட்டுப் பரணில் ஒரு காசெட் அகப்பட்டது. 1988-ல் அவன் சினிமாப் பாட்டைப் பதிவு செய்த காசெட். வானொலிப் பெட்டிக்கு முன்னால் டேப் ரிகார்டரை வைத்துப் பதிவு செய்வதுதானே அந்த நாளைய வழக்கம்? இரண்டாவது பாட்டின் நடுவில் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்கிறது. "மணி பத்தாச்சு. அதை நிறுத்திட்டு விளக்கை அணைச்சுட்டுப் படுங்கடா." அவ்வளவுதான். ஏழு விநாடி. எங்கள் தகப்பனார்.

தமக்கையை வரவழைத்துக் கேட்க வைத்தோம். அவள் மூன்று முறை கேட்டுவிட்டு, "இதை எத்தனை இடத்தில் வைத்திருக்கிறாய்?" என்றாள். அழுதிருப்பாள் என்று நான் எதிர்பார்த்தேன். அவள் கேட்ட கேள்வி அதைவிட நல்ல கேள்வி.

ஏனென்றால், ஒரே டிஸ்கில் இருக்கும் பொருள் கொள்ளிடப் பாலத்தின் மேல் கையில் பிடித்திருக்கும் கைபேசி போலத்தான். டிஸ்க் சில வருஷம் உழைக்கும், பிறகு ஒரு நாள் சொல்லாமல் நின்றுவிடும். இரண்டு டிஸ்குகளைச் சேர்த்து மாட்டி, ஒன்றில் எழுதியது அக்கணமே மற்றதிலும் பதியும்படி செய்யும் முறை ஒன்று இருக்கிறது. டிஸ்க் நின்று போவதற்கு அது மருந்து. ஆனால் ஒரு குழந்தை தெரியாமல் ஒரு படத்தை அழித்தால் அதே கணத்தில் இரண்டிலும் அழிந்துவிடும். பிம்பம் வேறு, நகல் வேறு.

இந்த உண்மையை நம் முன்னோர் டிஸ்க் இல்லாமலே அறிந்திருந்தார்கள். பனையோலை பூச்சிக்கும் ஈரத்துக்கும் இரை. அது சிதையுமுன் புது ஓலையில் பெயர்த்து எழுதினால்தான் நூல் பிழைக்கும். அப்படித் தலைமுறை தலைமுறையாக யாரோ ஒருவர் உட்கார்ந்து எழுதியதனால்தான் சங்க நூல்கள் நம் கைக்கு வந்தன. எழுத ஆள் இல்லாமல் போனபோது, பழைய ஏடுகளை ஆடிப்பெருக்கில் ஆற்றோடு விட்ட செய்திகளை உ.வே.சாமிநாதையர் வருந்தி எழுதியிருக்கிறார். 1981-ல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தபோது சுமார் 97,000 நூல்கள் போயின. அச்சான புத்தகத்துக்கு வேறு பிரதி வேறு ஊரில் கிடைக்கலாம். ஒற்றைப் பிரதியாக இருந்த ஏடுகள் போனவை போனவைதாம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் எத்தனையோ வீடுகளில் கல்யாண ஆல்பங்கள் நனைந்து ஒட்டிக்கொண்டன. நீருக்கும் நெருப்புக்கும் தப்புவது வேறு ஊரில் இருக்கும் நகல் ஒன்றே.

பீட்டர் க்ரோ என்ற அமெரிக்கப் புகைப்பட நிபுணர் இதையே மூன்று, இரண்டு, ஒன்று என்று வாய்பாடாகச் சொல்லி வைத்திருக்கிறார். மூன்று பிரதி, இரண்டு விதமான சாதனம், ஒன்று வெளியிடத்தில். நாங்கள் எங்களால் இயன்ற அளவு செய்திருக்கிறோம். முதல் டிஸ்க் பலகையோடு எப்போதும் இருக்கிறது. இரண்டாவது டிஸ்கை ஒவ்வொரு தமிழ் மாதமும் முதல் தேதியன்று மாட்டிப் புதிதாக வந்தவற்றை நகலெடுத்து, கழற்றிப் பீரோவில் வைத்துவிடுகிறோம். கழற்றி வைத்த டிஸ்கை எந்தத் திருட்டு நிரலும் தொட முடியாது. மூன்றாவது டிஸ்க் திருச்சியில் தமக்கை வீட்டில் இருக்கிறது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போக வர அது மாறிக்கொள்கிறது. முக்கியமான சிறு கோப்புக்கள் மட்டும், நான் மேலே கேலி செய்த மேகத்திலும் பூட்டி வைக்கப்பட்டிருக்கின்றன. பத்தாயம் சொந்தமாக இருந்தால், கிடங்கையும் வேண்டுமளவு உபயோகிக்கலாம். அதை நம்பி இருக்க வேண்டியதில்லை.

இத்தனையும் முடிந்து நாங்கள் திருப்தியோடு காபி குடித்துக்கொண்டிருந்த ஒரு நாள் என் மனைவி கேட்டாள்:

"ஏங்க, நாளைக்கு நீங்களும் இல்லை, இவனும் அமெரிக்கா போயிட்டான்னு வச்சுக்குங்க. இதை யார் திறப்பா?"

மருமான் என்னைப் பார்த்தான். அவன் படித்த பாடத்தில் இந்தக் கேள்வி இல்லை போலும். கட்டியவனுக்கு மட்டும் தெரிந்த பத்தாயம், சாவி தொலைந்த பத்தாயத்துக்கு ஒப்பானது. அதிலும் லினக்ஸ் முறையில் தயார் செய்த டிஸ்கை அப்படியே கழற்றி விண்டோஸ் கம்ப்யூட்டரில் மாட்டினால் அது வெறும் டிஸ்க் என்றே சொல்லும். 'அழித்துப் புதிதாக்கட்டுமா?' என்று மரியாதையாகக் கேட்கவும் கேட்கும்!

அதன்மேல் இரண்டு காரியம் செய்தோம். நகல் டிஸ்குகள் இரண்டையும் எல்லாக் கம்ப்யூட்டரும் படிக்கக்கூடிய எக்ஸ்ஃபாட் என்ற முறைக்கு மாற்றினோம். சர்வர் வேண்டாம், பலகை வேண்டாம். எதிர் வீட்டு லாப்டாப்பில் சொருகினாலும் படம் தெரியும். பிறகு இருபது பக்க நோட்டுப் புத்தகம் ஒன்றை வாங்கி, எது எங்கே இருக்கிறது, பாஸ்வேர்டு என்ன, எதைக் கழற்றி எதில் மாட்ட வேண்டும் என்று நான் தமிழில் எழுதினேன். எத்தனையோ நாவல் எழுதியிருக்கிறேன். ஒரு வாசகி தவறாமல் புரிந்துகொள்ள வேண்டுமே என்று அவ்வளவு கவலைப்பட்டு எதையும் எழுதியதில்லை.

எழுதியானதும் நானும் பையனும் திண்ணைக்குப் போய்விட்டோம். அவள் நோட்டை மட்டும் வைத்துக்கொண்டு, பீரோ டிஸ்கை எடுத்து, தன் தங்கை மகளின் லாப்டாப்பில் மாட்டி, எங்கள் கல்யாணப் படத்தை எடுக்க வேண்டும் என்பது நிபந்தனை. கால் மணி நேரம் உள்ளே சத்தமே இல்லை. பிறகு கூப்பிட்டாள். திரையில் படம் இருந்தது. படத்தில் நான் இளைத்துக் கறுத்து, யாரையோ பார்த்து முறைத்துக்கொண்டிருந்தேன்.

நோட்டுப் புத்தகத்தைப் புரட்டினேன். கடைசிப் பக்கத்தில், என் எழுத்துக்குக் கீழே, அவள் கையெழுத்தில் ஒரு வரி சேர்ந்திருந்தது: "சிவப்பு நூல் கட்டின கேபிள்தான் டிஸ்குக்கு. கறுப்பை இழுக்கக் கூடாது."

போய்ப் பார்த்தேன். நூல் கட்டியிருந்தது.